ஓஎல்இடி திரையில் பிறக்கிற வெளிச்சம் ஏன் வெளியே வர மாட்டுக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வகுப்பில் பிள்ளைகள் கேட்டதும், வண்ணார்பேட்டை மொபைல் கடைகளில் அண்ணாச்சிமார் கேட்டதும், வழியில் வண்டியை நிறுத்தி யாராவது கேட்டதுமாகச் சேர்ந்த கேள்விகள் இவை. முடிந்தவரை கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஓஎல்இடி, ஆமோலெட் என்கிறார்களே, எல்சிடிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

எல்சிடியில் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எந்நேரமும் எரியும். முன்னால் இருக்கிற திரவப் படிகம் அதை விடும், தடுக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கருப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். ஆமோலெட்டும் ஓஎல்இடிதான். புள்ளிக்குப் புள்ளி மின்சாரத்தை அளந்து விட சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்கள் இருக்கும், அவ்வளவே. எரிகிற பொருள் கார்பன் சேர்மங்கள். அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கனம் சில நூறு நானோமீட்டர்தான்.

கொடுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு வெளிச்சமாக மாறுகிறது?

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. உள்ளே எவ்வளவு பிறக்கிறது என்பது ஒன்று. வெளியே எவ்வளவு வருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விளம்பரக்காரர்கள் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.

1987-ல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்குள் பளிச்சென்று எரியும் முதல் இரண்டடுக்கு ஓஎல்இடியைச் செய்து காட்டினார்கள். உள்ளே போன 100 எலக்ட்ரானுக்கு வெளியே வந்தது ஏறக்குறைய ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள். அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை.

எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேரும்போது எக்சிட்டான் என்ற ஆற்றல் ஏறிய ஜோடி உண்டாகும். எலக்ட்ரான்களின் சுழற்சி சேருகிற விதத்தைப் பொறுத்து அவற்றில் 25 சதவீதம் ஒற்றை நிலை, 75 சதவீதம் மும்மை நிலை. சாதாரண ஒளிர்பொருளில் ஒற்றை மட்டுமே ஒளி தரும். முக்கால் பங்கு வெறும் சூடாகப் போய்விடும். 1998-ல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் பிளாட்டினம் சேர்ந்த மூலக்கூறு ஒன்றைப் போட்டு மும்மையிலிருந்தும் ஒளி எடுத்தார்கள். அடுத்து இரிடியம் வந்தது. 2012-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழு கன உலோகமே இல்லாமல் அதைச் செய்துகாட்டியது.

ஆக, சிவப்பிலும் பச்சையிலும் உள்ளே 100-க்கு 100 நெருங்கியாயிற்று. ஆனால் தட்டையான சாதாரண ஓஎல்இடியிலிருந்து வெளியே வருவது 20 முதல் 30 வரைதான். மிச்சமெல்லாம் பிறந்த இடத்திலேயே கிடந்து அழிகிறது. இனி வெளிச்சத்தைக் கூட்டுவது என்றால் பெரும்பாலும் அதை வெளியே எடுப்பதுதான் வேலை.

பிறந்த வெளிச்சம் வெளியே வர என்ன தடை? கண்ணாடி வழியாத் தெரியத்தானே செய்யுது?

தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் குளித்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் தெளிந்து கிடக்கிற நாளில் முங்கி, கண்ணைத் திறந்து மேலே பாருங்கள். வானம், கரை, படித்துறை எல்லாம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி ஆற்றின் அடியைக் காட்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதற்கு மாறுநிலைக் கோணம் சுமார் 49 டிகிரி. அதைவிடச் சாய்ந்து மேலே போகிற ஒளி வெளியேறாது. முழு அக எதிரொளிப்பாகித் திரும்பிவிடும். பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

ஓஎல்இடியில் இதே கதை, இன்னும் கொடூரமாக. கார்பன் அடுக்கின் ஒளிவிலகல் எண் 1.7 முதல் 1.8. மாறுநிலைக் கோணம் 36 டிகிரிக்கு, அதற்கும் கீழே போய்விடுகிறது. ஒளியோ எல்லாத் திசையிலும் பிறக்கிறது. அந்தக் குறுகிய கூம்புக்குள் போகிறது மட்டும்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது.

சார், புத்தகத்தில் 1/(2n²) என்று போட்டிருக்கு. எப்படி வந்தது? (எம்.எஸ்சி. மாணவி)

மாறுநிலைக் கோணம் θ என்றால் sin θ = 1/n. பின்னால் உலோக மின்முனை கண்ணாடியாக நிற்பதால் பின்பக்கம் போன ஒளியும் முன்னால் திரும்புகிறது. ஆகவே அரைக்கோளத்தில் கூம்பின் பங்கு 1 − cos θ. θ சின்னது என்று வைத்துக்கொண்டால் அது 1/(2n²). n = 1.7 போட்டால் 17 சதவீதம். தோராயம் போடாமல் கணக்கிட்டால் 19. பரீட்சைக்கு இது போதும். உண்மையான கருவியில் ஒளி அலையாக நடந்து, முன்னும் பின்னும் மோதிக் குறுக்கிடுவதால் எண் கொஞ்சம் மாறும். மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் சேரும். அதைக் கீழே சொல்கிறேன்.

மிச்ச 80 எங்கே போகுது?

மூன்று இடம்.

கண்ணாடி வழியாக ஒளி விடும் வகையில், ஒரு பங்கு கண்ணாடிக்குள் வந்துவிட்டு அங்கிருந்து காற்றுக்கு வர முடியாமல் விளிம்பு வரை ஓடிப்போகும். கண்ணாடிக்கு 1.5, மாறுநிலைக் கோணம் 42 டிகிரி. இந்தப் பங்கை மீட்பது சுலபம். கண்ணாடியின் வெளிப்பரப்பைச் சொரசொரப்பாக்கினாலே கொஞ்சம் வெளியே வந்துவிடும்.

இன்னொரு பங்கு கண்ணாடிக்கே வராது. கார்பன் அடுக்கும், அதன் மேல் மின்சாரம் கொண்டுவரும் இண்டியம் டின் ஆக்சைடும் கண்ணாடியைவிட அடர்த்தியான ஒளியியல் ஊடகங்கள். இந்த இரண்டு அடுக்குக்குள்ளேயே ஒளி, கேபிளுக்குள் போவதுபோல பக்கவாட்டில் ஓடி உறிஞ்சப்பட்டு முடியும். இதை எடுக்க வேண்டுமென்றால் உள்ளேயே கை வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பொறியாளர்களுக்குப் பிடிக்காதது. ஒளிர்கிற மூலக்கூறுக்குச் சில பத்து நானோமீட்டர் தூரத்தில் உலோக மின்முனை இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் எக்சிட்டான் ஃபோட்டானை வெளிவிடாமலேயே ஆற்றலை உலோகப் பரப்பின் எலக்ட்ரான்களுக்குக் கொடுத்துவிடும். அந்த எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடிக்கும். மேற்பரப்பு பிளாஸ்மான் என்பது இதுதான். ஒளியாகப் பிறக்கும் முன்பே போய்விட்ட ஒளி இது. சரி, உலோகத்தைத் தள்ளி வைப்போமே என்றால், அடுக்கு தடிக்கும். பிளாஸ்மானுக்குப் போனது குறைந்து, அடுக்குக்குள்ளே ஓடுகிற பங்கு கூடிவிடும். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகும். உலோகப் பரப்பையே அலை அலையாக வளைத்துச் செய்தால் பிளாஸ்மானில் ஒரு பகுதியை ஒளியாகத் திரும்ப எடுக்கலாம். ஆனால் நானோமீட்டர் கணக்கில் மேடு பள்ளம் போட்டு, அதன்மேல் எங்கேயும் ஷார்ட் ஆகாமல் மெல்லிய படலம் படியவைப்பது தனிக் கலை.

வெளிச்சம் பத்தலைன்னா மின்சாரத்தைக் கூட்டிவிட வேண்டியதுதானே?

கூட்டலாம். ஆயுள் குறையும். ஓஎல்இடியின் ஆயுள் பொதுவாகப் பிரகாசத்தின் 1.5 முதல் 2 வரையிலான அடுக்குக்கு (கணக்கில் வருகிற ‘பவர்’) எதிர் விகிதத்தில் இறங்கும். பிரகாசத்தை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை. மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ ஆகும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளியே வரும் ஒளியை இரண்டு மடங்காக்கினால், அதே பிரகாசத்துக்குப் பாதி மின்சாரம் போதும். பேட்டரியும் மிச்சம், ஆயுளும் ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு. ஆராய்ச்சியாளர்கள் இந்த 80 சதவீதத்தை விடாமல் துரத்துவது இதனால்தான்.

இதில் அதிகம் அடிபடுவது நீலம். நீலத்துக்கு ஆற்றல் கூடுதல். மூலக்கூறு சீக்கிரம் உடையும். பாஸ்பரசன்ஸ் (மும்மையிலிருந்தும் ஒளி எடுக்கிற) நீலத்துக்கு ஆயுள் குறைவாகவே இருந்ததால், சந்தையில் உள்ள பெரும்பாலான திரைகளில் நீலம் மட்டும் ஒற்றையை நம்பிய பழைய ஃப்ளூரசன்ஸ் முறையிலேயே எரிகிறது. அதாவது உள்ளே பிறப்பதே குறைவு, வெளியே வருவது அதிலும் குறைவு. பல போன்களில் நீலப் புள்ளியைப் பச்சையைவிடப் பெரிதாக வைக்கிறார்கள். திரையில் மேப் ஐகானோ சேனல் லோகோவோ நிழலாகப் படிந்துவிடுகிற பர்ன்-இன் தொல்லையும் புள்ளிகள் சமமில்லாமல் தேய்வதால்தான்.

ஓஎல்இடி விளக்கில் 2 மடங்கு வெளிச்சம் எடுத்தாச்சாமே? அதையே டிவியில போட வேண்டியதுதானே?

நல்ல கேள்வி. இந்தத் துறையின் நிஜச் சண்டை இங்கேதான்.

விளக்குக்குச் செய்யலாம். 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு வெள்ளை ஓஎல்இடியில் வாட்டுக்கு 90 லூமன் எடுத்தது. டியூப்லைட்டோடு போட்டி போடுகிற அளவு. ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடியும் வெளியே ஒளியெடுக்கும் அமைப்பும் அதற்குத் துணை. அரைக்கோளக் கண்ணாடியை மேலே ஒட்டலாம், டைட்டானியம் டை ஆக்சைடு துகளைப் பாலாகக் கலந்து பூசிச் சிதறடிக்கலாம். விளக்குக்கு ஒளி எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்ற கவலை கிடையாது.

திரைக்கு அந்தக் கவலைதான் முதல் கவலை. ஒரு கணக்குப் போடுவோம். அங்குலத்துக்கு 400 புள்ளி உள்ள போனில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 64 மைக்ரோமீட்டர். அரை மில்லிமீட்டர் கனக் கண்ணாடியில் 45 டிகிரி சாய்ந்து போகிற ஒளி, மேலே வந்து சேர்வதற்குள் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கிட்டத்தட்ட 8 புள்ளி தள்ளி. அங்கே ஒரு லென்ஸை வைத்து அதை வெளியே எடுத்தால், வாட்ஸ்அப் எழுத்துக்கு நிழல் முளைக்கும். வெளிச்சம் கிடைத்தது, படம் போயிற்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிதறடிக்கும் படலம் உள்ளிருந்து வருகிற ஒளியை மட்டுமா சிதறடிக்கும்? வெளியே இருந்து வருகிற டியூப்லைட், வெயில் எல்லாவற்றையும் சிதறடித்துத் திரையைப் பால் வெள்ளையாக்கும். கருப்பே இல்லாத ஓஎல்இடிக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஆகவே திரையில் ஒளியெடுக்கிற எந்த உபாயமும் எரிகிற அடுக்கை ஒட்டியே, ஒரு புள்ளியின் அகலத்தைவிட ரொம்பக் கிட்டத்தில் இருந்தாக வேண்டும்.

மைக்ரோலென்ஸ் டிவி என்று வந்ததே, அது இதுதானா?

இதுதான். நுண்லென்ஸ் யோசனை பழையது. 2002-லேயே ஃபாரஸ்ட் குழு கண்ணாடியின் வெளியே லென்ஸ் வரிசை ஒட்டி வெளிவரும் ஒளியை ஒன்றரை மடங்காக்கிக் காட்டியது. அதைப் புள்ளிக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து டிவியில் போட 2023 ஆயிற்று. எல்ஜி டிஸ்ப்ளே 77 அங்குல 4கே திரை ஒன்றில் 4,240 கோடி நுண்லென்ஸ், புள்ளிக்கு 5,117 என்று அறிவித்தது. லென்ஸும் புதிய பிரகாசக் கட்டுப்பாட்டு மென்பொருளும் சேர்ந்து 60 சதவீதம் வரை பிரகாசம் கூடியதாக அவர்கள் கணக்கு. மென்பொருளின் பங்கு எவ்வளவு, லென்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் 2025-ல் அதே நிறுவனம் உயர்ரக டிவியில் நான்கு ஒளியடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற முறைக்குப் போய்விட்டது. ஒளியை வெளியே எடுக்கும் வழியும், உள்ளே கூடுதலாகப் பிறப்பிக்கும் வழியும் மாறி மாறித்தான் முன்னே வருகின்றன.

போனில் என்ன செய்கிறார்கள்? என் போனைச் சரிச்சுப் பார்த்தா வெள்ளை நீலமாத் தெரியுதே?

போனில் ஒளி டிரான்சிஸ்டர் இருக்கிற பக்கமாக வராமல் எதிர்ப்பக்கமாக, மேலே வரும். இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர்களே பாதி இடத்தை மறைத்துவிடும். அடியில் நல்ல எதிரொளிப்பு மின்முனை, மேலே ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய வெள்ளி–மக்னீசியம் மின்முனை. இரண்டு ஆடிக்கு நடுவே ஒளி முன்னும் பின்னும் அடித்து, அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற நிறம் மட்டும் பலப்பட்டு நேர் முன்னால் குவிகிறது. இதற்குப் பெயர் மைக்ரோகேவிட்டி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இடைவெளி வேறு வேறு. சில நானோமீட்டர் பிசகினாலும் நிறம் மாறும். மேல் மின்முனைக்கு மேலே ஒளிவிலகல் எண் கூடிய ஒரு மூடுபடலமும் பூசுவார்கள். சில பத்து நானோமீட்டர்தான் அது; ஆனாலும் வெளிவரும் ஒளியில் கணிசமான வித்தியாசம் காட்டும்.

நீங்கள் பார்த்த நீலச்சாயல் இதன் விலை. சாய்த்துப் பார்க்கும்போது பொருந்துகிற அலைநீளம் குறுகிப்போகும். பழுது இல்லை.

மூலக்கூறு படுத்துக்கிடந்தால் நல்லது என்கிறார்களே?

ஆமாம். ஒளிர்கிற மூலக்கூறு, தன் இருமுனை அச்சுக்கு (அதற்குள் மின்னூட்டம் ஆடுகிற கோடு) செங்குத்தான திசைகளில்தான் அதிகம் ஒளி விடும். அச்சு திரைக்குச் செங்குத்தாக நின்றால் ஒளியெல்லாம் பக்கவாட்டில் ஓடும், பிளாஸ்மானுக்கும் தீனியாகும். திரைக்கு இணையாகப் படுத்தால் ஒளி முன்னால் வரும். தாறுமாறாகக் கிடந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் படுத்த கணக்கு. நீளமான, தட்டையான மூலக்கூறை வடிவமைத்து ஆவியாக்கிப் படியவைத்தால் பெரும்பகுதி தானாகவே படுத்துக்கொள்ளும். லென்ஸ் எதுவுமே இல்லாமல் வெளிப்புறத் திறன் 30 சதவீதத்தைத் தாண்டியது இப்படித்தான். என்னைக் கேட்டால் திரைக்கு இதைவிடக் கச்சிதமான உபாயம் இல்லை. படமும் மங்காது, கருப்பும் வெளுக்காது. தொழிற்சாலையில் புது இயந்திரமும் வேண்டாம்.

மேலே ஒட்டியிருக்கிற போலரைசரை எடுத்துவிட்டால்?

அது இல்லாவிட்டால் அடியில் உள்ள உலோகம் வெளி வெளிச்சத்தை ஆடி மாதிரி திருப்பி அடிக்கும். வட்ட போலரைசர் அதை விழுங்கிவிடும். கூடவே திரையின் சொந்த ஒளியிலும் பாதிக்கு மேல் விழுங்கும். இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த ஒளியை வாசலில் வைத்துப் பிடுங்குவது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் விஷயம். 2021-ல் சாம்சங் மடக்கு போன் ஒன்றில் போலரைசரை நீக்கி, நிற வடிகட்டியையும் கருப்புத் தடுப்புகளையும் வைத்து அந்த வேலையைச் செய்தது. ஒளி ஊடுருவல் 33 சதவீதம் கூடியதாகவும் மின்செலவு 25 சதவீதம் வரை குறைந்ததாகவும் அந்த நிறுவனம் சொன்னது.

பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் மத்தியான வெயில்ல மேப் தெரிய மாட்டுக்கு சார். 1,000 நிட் போன்தான். (உணவு டெலிவரி செய்யும் தம்பி)

தம்பி, லக்ஸ் என்பது மேலே விழுகிற வெளிச்சத்தின் அளவு, நிட் என்பது பரப்பிலிருந்து கண்ணுக்கு வருகிற பிரகாசத்தின் அளவு. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர் கட்டியிருக்கிற வெள்ளை வேட்டி அதில் 80 சதவீதத்தைத் திருப்பி விட்டால், அதன் பிரகாசம் ஏறக்குறைய 25,000 நிட். உங்கள் கண் அதற்குப் பழகி நிற்கிறது. அதன் நடுவே 1,000 நிட் திரை மங்கல்தான். போதாததற்கு, திரை விழுகிற வெயிலில் ஒரே ஒரு சதவீதத்தைச் சிதறவிட்டாலும் அது 300 நிட்டுக்கு மேல். உங்கள் கருப்பு அந்த அளவுக்கு வெளுத்துவிடும். ஹேண்டில்பாரில் மாட்டி வெயிலில் ஓட்டினால் போன் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே பிரகாசத்தைக் குறைக்கும். மேலே ஒரு மறைப்பு வைத்து, மேப்பைப் பகல் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரைவசி கிளாஸ் ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பிய்த்துப் போடுங்கள்.

டிஸ்ப்ளே உடைஞ்சு மாத்தினேன். முன்ன மாதிரி பளிச்சுன்னு இல்லையே?

விலை குறைந்த மாற்று டிஸ்ப்ளேக்களில் ஓஎல்இடிக்குப் பதில் எல்சிடி வைத்து விடுவது உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: இருட்டறையில் முழுக் கருப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறமாக ஒளிர்ந்தால் எல்சிடி. திரைக்குள் இருந்த கைரேகை வேலை செய்யாமல் போனாலும் அதுதான் சந்தேகம். கடைக்காரரிடம் மாற்றும் முன்பே ஓஎல்இடியா எல்சிடியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிளஸ் டூ முடிக்கப்போறேன். இதைப் படிக்க வெளிநாடு போகணுமா?

வேண்டாம். சென்னை ஐஐடியில் ஆமோலெட் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கான்பூர் ஐஐடி நெகிழ் மின்னணுவியலில் வெகுநாளாக வேலை செய்கிறது. அதற்கு முன்னால் இங்கேயே இயற்பியலோ வேதியியலோ ஒழுங்காகப் படி. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் துறை உண்டு. தூய்மையறை கிடைக்கவில்லை என்று கவலைப்படாதே. மெல்லிய அடுக்குகளில் ஒளி எப்படிப் போகிறது என்று கணக்கிடும் அணி (மேட்ரிக்ஸ்) முறையைப் பைத்தானில் நீயே எழுதலாம். சாதாரண லேப்டாப் போதும். மேலே சொன்ன மூடுபடலத்தின் கனத்தை நானோமீட்டர் நானோமீட்டராக மாற்றி, வெளிவரும் ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்று படம் வரைந்து பார். அது உனக்குச் சுவாரஸ்யமாக இருந்தால் இந்தத் துறைக்கு வரலாம்.

புது போன் வாங்கப்போறேன். நிட் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற எண் பெரும்பாலும் திரையின் ஒரு சின்ன மூலை மட்டும் சில நொடி எரியும்போது அளந்தது. முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது எவ்வளவு, வெயிலில் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். 2024-ல் வந்த ஐபேட் ப்ரோவில் இரண்டு ஒளியடுக்கு. முழுத் திரைக்கு 1,000 நிட், உச்சத்துக்கு 1,600 என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள். அந்த மாதிரி சொல்வது நேர்மை. இரண்டடுக்கு முறையில் ஒரே மின்னோட்டம் இரண்டு முறை ஒளி தரும், ஆனால் வோல்டேஜும் இரட்டிக்கும். எனவே முக்கிய லாபம் ஆயுளில்தான். பேட்டரியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் குழல்விளக்குக்குக் கீழே எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். கடைக்காரர் விட்டால் டெமோ போனை வாசல் வரை எடுத்துவந்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள்.